புது ஸ்போர்ட்ஸ் காரின் முதல் 2,000 கிலோமீட்டர்: பொத்தி ஓட்டுவதா, விரட்டுவதா, கையேட்டின்படி போவதா?

புது ஸ்போர்ட்ஸ் கார் வீட்டு வாசலுக்கு வந்த முதல் வாரத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. "இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வரை அறுபதைத் தாண்டாதே" என்பார் வீட்டுப் பெரியவர். "முதல் நாளே நன்றாக விரட்டினால்தான் வண்டி கடைசிவரை இழுக்கும்" என்பார் பந்தயம் பார்க்கும் நண்பர். "இந்தக் காலத்து இன்ஜினுக்கு அதெல்லாம் தேவையில்லை சார், எடுத்து ஓட்டுங்கள்" என்று சாவியை நீட்டுவார் ஷோரூம் ஊழியர். நான்காவதாக ஒரு குரல் டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அதுதான் காரோடு வந்த கையேடு.

இந்த நான்கில் எதைக் கேட்பது என்பது ஒரே ஒரு முறை எடுக்கும் முடிவு. ஆயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டயரை மாற்றலாம். புது இன்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும் ரன்னிங்-இன் காலம் மட்டும் திரும்பி வராது. புதுச்சேரியிலோ கடலூரிலோ கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் தட்டையான ஊர், ஓட்டம் குறைவு, நெரிசல் அதிகம். ஐரோப்பிய நெடுஞ்சாலையை நினைத்து எழுதிய கையேட்டை அப்படியே இங்கே பின்பற்ற முயன்றால், அதில் உள்ள வேக வரம்பு நமக்குப் பொருளற்றுப் போகும்; அது சொல்லும் முக்கியமான இன்னொன்று கண்ணில் படாமலே போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது

புது இன்ஜினின் சிலிண்டர் சுவர் முழு வழவழப்பாக இருக்காது. ஹோனிங் கல்லால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் கீறிவிடுகிறார்கள். கோட்டின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டில், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் உரசும். உரச உரச மேடுகளின் கூர் மழுங்கி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். அதன்பிறகு எரியும் வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது. பட்டறைகளில் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் இல்லை. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அந்த அழுத்தம் ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. காலை எடுத்துக் கியரிலேயே வண்டியைத் தளரவிடும்போது சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகி, கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து உரசிய இடத்தைக் கழுவி, குளிர்விக்கிறது. ஏற்றம், இறக்கம், மீண்டும் ஏற்றம் என்று இந்த மாற்றம்தான் ரிங்கை உட்கார வைக்கிறது. கிலோமீட்டர் கணக்கு அதற்கு ஒரு தோராயமான அளவுகோல் மட்டுமே. போதிய அழுத்தமே இல்லாமல் பல நூறு கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில், ஹோனிங் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் வெந்து பளபளப்பான பூச்சாகப் படிந்துவிடும். கிளேஸ் ஆகிவிட்டது என்பார்கள். அப்படி ஆன இன்ஜின் வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும். மறுபடி ஹோனிங் செய்யாமல் பெரும்பாலும் அது தீராது.

இன்றைய இன்ஜின்களில் இந்த வேலையில் பெரும்பகுதியை ஆலையே முடித்துவிடுகிறது என்பதும் உண்மை. பிளேட்டோ ஹோனிங் என்ற முறையில் மேடுகளின் கூர் முன்கூட்டியே சீவப்பட்டிருக்கும். நிசான் ஜிடி-ஆர் காரின் இன்ஜினிலும், மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் நானோஸ்லைடு சிலிண்டர்களிலும் இரும்பு உறைக்குப் பதில் உலோகத்தை உருக்கித் தெளித்த மெல்லிய பூச்சு இருக்கிறது. அதன் நுண்துளைகளிலேயே ஆயில் தங்குகிறது. ஆகவே பழைய அம்பாசடருக்குத் தேவைப்பட்ட அளவு ரன்னிங்-இன் இப்போது வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று ஷோரூமில் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. அப்படியானால் அதே நிறுவனங்கள் கையேட்டில் ஏன் எழுதி வைக்கின்றன?

பொத்திப் பொத்தி ஓட்டுவது

இது நம் அப்பாக்கள் தலைமுறையின் வழி. பின்கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டிய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நாற்பதில் ஊர்ந்துபோனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அன்றைய உலோகத்துக்கும் அன்றைய ஆயிலுக்கும் அது சரியான அறிவுரைதான். அவர்கள் சொன்னதில் தவறில்லை, காலம்தான் மாறிவிட்டது.

இன்றைய டர்போ இன்ஜினுக்கு அதே அறிவுரை தீங்கு செய்யும். ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுழலும் சுற்று) ஏறக் கூடாது என்று பயந்து ஆறாவது கியரில் 1,300 சுற்றில் வண்டியை இழுக்கவிட்டால் இன்ஜின் திணறும். குறைந்த சுற்று, அதிகச் சுமை என்ற இந்தச் சேர்க்கையில்தான், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு வருகிறது. மோசமாக நேர்ந்தால் பிஸ்டனின் ரிங் மேடையையே உடைக்கக்கூடியது அது. காருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்துச் செய்யும் காரியம், அதற்கு ஆகவே ஆகாத காரியமாக முடிகிறது.

முதல் நாளே விரட்டுவது

இணையத்தில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பரவிய வழி இது. இன்ஜினைச் சூடாக்கு, அரை ஆக்ஸிலரேட்டர் கொடு, பிறகு முக்கால், பிறகு முழுவதும். நடுவே காலை எடுத்துத் தளரவிடு. முதல் 30 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று. ஹோனிங் கோடுகள் சீக்கிரமே தேய்ந்துவிடும், அதற்குள் ரிங்கை உட்கார வைக்க வேண்டும் என்பது இதன் வாதம். அழுத்தம்தான் ரிங்கை உட்கார வைக்கிறது என்ற அடிப்படை சரியே. அந்த வகையில் பொத்தி ஓட்டுபவர்களைவிட இவர்கள் உண்மைக்கு நெருக்கமானவர்கள் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த வாதம் பந்தய பைக் இன்ஜின்களிலிருந்து வந்தது. பந்தய இன்ஜினைக் குறுகிய காலத்திலேயே பிரித்துப் பார்த்து ரிங், பேரிங் எல்லாம் மாற்றுவார்கள். நம் கார் பிரிக்கப்படாமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மேலும் காரில் பொருந்த வேண்டியது ரிங் மட்டும் இல்லை. பேரிங்குகள், கியர்பாக்ஸ் பற்கள், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பற்கள் எல்லாம் சூடாகிக் குளிர்ந்து சூடாகி மெதுவாகத்தான் பொருந்தும். பிஎம்டபிள்யூ தன் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் தனி சர்வீஸ் வைத்து இன்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்கிறது; அதுவரை, நின்ற இடத்திலிருந்து முழு விசையில் பாய வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோலைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. ஏன் என்பதை யோசித்தால், ரிங்கை மட்டும் கணக்கில் எடுக்கும் இந்த வழியின் குறை தெரிந்துவிடும்.

ஊரையும் பார்க்க வேண்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் இரண்டாவது கியரின் உச்சத்தைத் தொடும்போதே பல ஸ்போர்ட்ஸ் கார்கள் நூறை எட்டிவிடும். ஆடு மாடும், எதிர்த்திசையில் வரும் டிராக்டரும், திடீரெனச் சாலையைக் கடக்கும் டிவிஎஸ் 50-யும் உள்ள சாலையில் அதற்கு இடமே இல்லை. அப்படி ஓட்டத்தான் வேண்டும் என்பவர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குப் போகட்டும். அதையும் ரன்னிங்-இன் முடிந்த பிறகு.

கையேடு சொல்வது

நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறும். பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டருக்கு 5,500 சுற்று, மணிக்கு 170 கிலோமீட்டர் என்பது வழக்கமான வரம்பு. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 1,500 கிலோமீட்டர் வரை 140 வேகத்தைத் தாண்ட வேண்டாம், 4,500 சுற்றைச் சிறிது நேரம் மட்டும் தொடலாம் என்கிறது. போர்ஷே இன்னும் கண்டிப்பானது: 3,000 கிலோமீட்டர் வரை சுமார் 4,000 சுற்றைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம்மவர்கள் அதிகம் வாங்கும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகைகளில் முதல் 1,000 கிலோமீட்டருக்கு உச்சச் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த 500 கிலோமீட்டரில் படிப்படியாக ஏற்றம்.

எண்களை விட்டுவிட்டு வாசகங்களைப் பாருங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், சுற்றையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள், குளிர்ந்த இன்ஜினை விரட்டாதீர்கள், முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், குறைந்த சுற்றில் திணறவிடாதீர்கள். எண்ணில் முரண்படும் நிறுவனங்கள் இதில் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. நம் சாலையில் 170 என்ற வரம்பு கனவிலும் வராது. ஆனால் மாற்றிக்கொண்டே இருங்கள் என்ற அந்த ஒரு வரி நமக்காகவே எழுதியது.

என் தேர்வு இதுதான்: கையேட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது, அதே சமயம் முதல் வாரத்திலிருந்தே, சூடான இன்ஜினோடு, அந்த வரம்பு வரை போய்வர வேண்டும். 5,500 அனுமதி உள்ள காரை 2,500-லேயே வைத்து 2,000 கிலோமீட்டரை ஓட்டி முடித்தவர் கையேட்டைப் பின்பற்றியதாக எண்ணிக்கொள்வார். உண்மையில் அவர் பொத்தி ஓட்டும் முதல் வழியில்தான் போயிருக்கிறார்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தயாரான இரண்டாம் தலைமுறை அக்யூரா என்எஸ்எக்ஸ் காரின் ஒவ்வொரு இன்ஜினையும் 150 மைலுக்குச் சமமாக ஆலையிலேயே ஓட்டிப் பழக்கி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கார் அபூர்வம். பெருமளவில் தயாராகும் பல இன்ஜின்களைப் பெட்ரோல் எரிக்காமல் மின்மோட்டாரால் சுழற்றித்தான் சோதிக்கிறார்கள். உங்கள் கார் எந்த வகை என்பதை டீலரின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நம் சாலைகளில் எங்கே, எப்படி

புதுச்சேரிக்காரர் பலர் உயர்ரகக் காரைச் சென்னையில்தான் எடுக்கிறார்கள். ஆகவே முதல் 150 கிலோமீட்டர் வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்ந்துவிடும். இங்கேயே ஒரு முடிவு காத்திருக்கிறது: கிழக்குக் கடற்கரைச் சாலையா, தாம்பரம் – திண்டிவனம் வழியா? தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டினால் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டு உட்காரத்தான் கை போகும். ஒரே சுற்று, ஒரே அழுத்தம், ஒரு மணி நேரம். புது இன்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம். கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் என்று ஊர் வரும், வளைவு வரும், வேகத்தடை வரும். கால் தானாகவே ஏறி இறங்கும். சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் எரிச்சல் வரலாம். இருந்தாலும் நான் கடற்கரைச் சாலையைத்தான் சொல்வேன். வார இறுதியில் மட்டும் வேண்டாம். செவ்வாய், புதன் காலை நல்லது.

காரை எடுக்கும் முன் ஓடோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டீலரின் யார்டில் காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு இன்ஜினை உறுமவிட்டு இடம் மாற்றும் டிரைவர்களை நானே பார்த்திருக்கிறேன். யாரோ முகம் தெரியாதவர் உங்கள் காரின் முதல் சில கிலோமீட்டரை ஓட்டிவிடுகிறார். டெலிவரிக்கு முன்பே, குளிர்ந்த இன்ஜினை உறுமவிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு வைப்பதில் தவறே இல்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. புதுக் காரை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் மிஷன் வீதி, புஸ்ஸி வீதி, நேரு வீதி என்று முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, மூன்று கிலோமீட்டரில் வீடு திரும்பி, மறுபடி மாலையில் அதே சுற்று. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்கு முன்பே அணைந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். நம் ஊர் வெயிலில் கார் சூடாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். வெயிலின் சூடு போதாது. ஆயில் குறைந்தது 80 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். இன்ஜின் தண்ணீரின் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் சூடாக இன்னும் பல நிமிடங்கள் பிடிக்கும். ஆயில் வெப்பம் காட்டும் மீட்டர் இருந்தால் அதை மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் கால் மணி நேரம் நிதானமாக ஓட்டிய பிறகே மேலே போங்கள்.

அப்படிப் போக எனக்குப் பிடித்தது விழுப்புரம் நான்குவழிச் சாலை. விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வில்லியனூர் தாண்டும்போது ஆயில் தயாராக இருக்கும். கண்டமங்கலம் பக்கம் முன்னும் பின்னும் காலியாக ஒரு நீளம் கிடைக்கும்போது மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து தொடங்குங்கள். பாதி ஆக்ஸிலரேட்டர், மெதுவாக முக்கால், கையேட்டின் வரம்புக்குச் சற்றுக் கீழே வந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பிரேக் வேண்டாம், கியரும் மாற்ற வேண்டாம். வண்டி தானாகத் தளர்ந்து மறுபடி 2,000-க்கு இறங்கட்டும். ஒரு நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள். மூன்றாவது கியரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சுமையும் கிடைக்கிறது, பல கார்களில் வேகமும் சாலை வரம்புக்குள் நிற்கிறது. உங்கள் கார் மூன்றாவது கியரில் எகிறினால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை மேனுவலுக்கு மாற்றிச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் எரிபொருள் மிச்சப்படுத்தும் நினைப்பில் உடனே உச்சக் கியருக்கு ஓடிவிடும்.

கடலூர்ச் சாலை இதற்கு ஒத்துவராது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் என்று ஊரோடு ஊர் ஒட்டியே வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் நெய்வேலிப் பக்கமோ சிதம்பரம் பக்கமோ திரும்புவது மேல்.

தட்டையான நம் மாவட்டத்தில் கிடைக்காத ஒன்று மலை. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு தடவை ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளையோ, சேலம் வழி ஏற்காட்டின் 20 வளைவுகளையோ ஏறி இறங்கினால், அதைவிடச் சிறந்த ரன்னிங்-இன் வேறில்லை. ஏறும்போது வேகமே இல்லாமல் சுமை கிடைக்கிறது. இறங்கும்போது கியரிலேயே நீண்ட இன்ஜின் பிரேக்கிங் கிடைக்கிறது. இரண்டு மலைக்கும் நம் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பலாம். ஏறி முடித்ததும் டர்போ குளிர ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

டயரும் பிரேக்கும் புதியவைதான் என்பதை மறக்க வேண்டாம். புது டயரின் மேல்பூச்சு தேய்ந்து பிடிப்பு வரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அக்டோபர், நவம்பர் மழையில் டெலிவரி எடுப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

முதல் ஆயில்: சீக்கிரம் மாற்றுவதா, விட்டுவைப்பதா?

புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததை யாரும் குழம்பில் போட மாட்டார்கள். கல் பொடி இருக்கும் என்று கழுவிக் கொட்டுவார்கள். இன்ஜினின் முதல் ஆயிலும் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆயில் வடிக்கும் போல்ட்டில் காந்தம் உள்ள காரில் அதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: நுனியில் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் பசையாக ஒட்டும் மெல்லிய உலோகத் துகள். பசையாக இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக மின்னினால் உடனே படம் எடுத்துச் சர்வீஸ் மேலாளரிடம் காட்ட வேண்டும்.

இங்கே நிறுவனங்கள் இரண்டாகப் பிரிகின்றன. பிஎம்டபிள்யூ எம் 2,000-ல் மாற்றச் சொல்கிறது. ஹோண்டா, குறித்த காலத்துக்கு முன் மாற்றாதீர்கள் என்கிறது. நிறுவனமே ஒரு பக்கம் நின்றுவிட்டால் அதோடு நில்லுங்கள். கையேடு ஒன்றும் சொல்லாத கார்களுக்கு, ரன்னிங்-இன் முடியும் 1,500 – 2,000 கிலோமீட்டர் அளவில் ஒரு தடவை மாற்றிவிடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஸ்போர்ட்ஸ் காரின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு பெரிதில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் மாற்றுவதில் பயன் குறைவு. தேய்மானம் அதன்பிறகும் தொடரும்.

மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். கையேட்டில் அச்சிட்ட அதே தர எண் கொண்ட ஆயில்தான் வேண்டும். கெட்டியான ஆயில் நல்லது என்று யார் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள். இன்ஜின் ஃப்ளஷ், கூட்டுமருந்து டப்பா எதுவும் வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலேயே செய்து, பில்லில் கிலோமீட்டரும் ஆயில் தரமும் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கும் நாள் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இதற்கிடையே 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் திரையில் பார்க்கலாம். தொடக்கத்தில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஃபோக்ஸ்வாகன் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றும், முதல் 5,000 கிலோமீட்டரில் அதைவிடக் கூடலாம் என்றும் கையேட்டிலேயே சொல்கிறது. 5,000-ஐத் தாண்டியும் இறக்கம் நிற்கவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை தெரிகிறது என்றால், எழுதி வைத்த கணக்கை எடுத்துப்போய்ச் சிலிண்டர் கசிவுச் சோதனை கேளுங்கள். வாரண்டி முடிவதற்குள் கேட்க வேண்டிய சோதனை அது.